பாதில ஸ்கூலை விட்ட பசங்களுக்கான சார்ட்டர் ஸ்கூல், ஹூஸ்டன்: எங்க ரெண்டு வருஷ அனுபவம் (3.5/5)

முதல்லயே சொல்லிடறேன், ஸ்கூல் பேரு எழுத மாட்டேன், தனியா கேட்டாலும் சொல்ல மாட்டேன், ஏன்னா குறையும் எழுதப் போறேன், எங்க அக்கா பையனோட சர்டிபிகேட்ல அந்தப் பேருதான் இருக்கு. ஹூஸ்டன் தென்மேற்குப் பக்கம், இந்தியக் கடைங்க இருக்குற ஹில்கிராஃப்ட் தெருவுல இருந்து ஒரு பதினஞ்சு நிமிஷம், ஸ்ட்ரிப் மால் ஒண்ணு, ஒரு பக்கம் வாஷடேரியா (காசு போட்டுத் துணி துவைக்கிற கடை) இன்னொரு பக்கம் டயர் கடை, நடுவுல இந்த ஸ்கூல். போர்டு கூட சின்னதுதான், முதல் தடவை தாண்டிப் போயிட்டு யு-டர்ன் அடிச்சு வந்தோம். அக்கா காரை விட்டு இறங்கவே இல்ல. "என்னடா தம்பி, டுட்டோரியல்ல சேக்கச் சொல்றியா?"ன்னு கேட்டா. நம்ம ஊர்ல பத்தாவது பெயிலானா பஸ் ஸ்டாண்டு பக்கத்துல மாடில இருக்குற டுட்டோரியல்ல தள்ளி விடுவாங்கல்ல, அந்த ஞாபகம் அவளுக்கு. தப்பு சொல்ல முடியாது, எனக்கும் அதேதான் தோணுச்சு, வெளில காட்டிக்கல.

கதைச் சுருக்கம் இதான். அக்கா குடும்பத்துக்கு நான் எஃப்4 மனு (கூடப் பொறந்தவங்களை அமெரிக்காவுக்கு வரவழைக்கிற கிரீன் கார்டு மனு) போட்டது 2005ல, கூப்பிட்டது 2022ல, மனு போட்டப்ப இந்தப் பையன் பொறக்கவே இல்ல. திண்டுக்கல்ல பதினொண்ணாவது முடிச்சிட்டு வந்தான். இங்க வீட்டுக்குப் பக்கத்துல இருக்குற ஹைஸ்கூல்ல அவன் மார்க் ஷீட்டைப் பாத்து மேத்ஸ், சயின்ஸுக்கு கொஞ்சம் கிரெடிட் போட்டாங்க, இங்கிலீஷுக்கும் அமெரிக்க வரலாறுக்கும் பூஜ்யம், உக்கார வச்சது பத்தாவதுல. டெக்சஸ்ல டிப்ளமோ வாங்க குறைஞ்சது 22 கிரெடிட் வேணும், அது போக அஞ்சு ஸ்டார் பரீட்சை, அல்ஜீப்ரா, பயாலஜி, இங்கிலீஷ் ஒண்ணு, இங்கிலீஷ் ரெண்டு, யுஎஸ் ஹிஸ்டரி. (ஸ்டார்னா மேல நான் போட்ட ஸ்டார் இல்ல, பரீட்சை பேரே ஸ்டார். குழப்பத்துக்கு நான் பொறுப்பு இல்ல.) அத்தானுக்கு மோட்டல்ல நைட் டியூட்டி, இவன் சாயங்காலம் கேஸ் ஸ்டேஷன் (நம்ம ஊர் பெட்ரோல் பங்க்) கவுண்டர், ராத்திரி பன்னெண்டுக்கு வந்து காலைல ஆறரைக்கு பஸ் புடிக்கணும், கூட உக்காந்திருக்கறது எல்லாம் சின்னப் பசங்க. 2023 மார்ச்ல போறதை நிறுத்திட்டான். நாங்க போய் கேட்டா அங்க ஒரு அம்மா ரொம்ப அன்பா, அவனுக்கு ஜிஇடி (டிப்ளமோவுக்குப் பதிலா எழுதுற சமானப் பரீட்சை) தான் சரியா வரும்னு ஒரு பேப்பரை குடுத்து அனுப்பிட்டாங்க. அந்த அன்பு இருக்கே, அதை நினைச்சா இப்பவும் வயிறு எரியும்.

அப்புறம்தான் ஹில்கிராஃப்ட்ல காய்கறி கடையில ஒரு பாகிஸ்தானி அண்ணன் சொல்லி இந்த ஸ்கூல் தெரிஞ்சது.

ஃபீஸ் கிடையாது. இதை ஏன் அழுத்திச் சொல்றேன்னா நம்ம ஆளுங்க நிறைய பேரு சார்ட்டர்னா பிரைவேட்னு நினைச்சிட்டு இருக்காங்க. அது கவர்மெண்ட் காசுல நடக்குற பப்ளிக் ஸ்கூல்தான், நடத்துறது மட்டும் மத்த பப்ளிக் ஸ்கூலை நடத்துற ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் இல்ல, ஒரு லாப நோக்கமில்லாத அமைப்பு ஸ்டேட் கிட்ட சாசனம் வாங்கி நடத்துது. டெக்சஸ்ல இதுக்கு சட்டம் வந்தது 1995ல. நம்ம பசங்க மாதிரி பாதில விட்டவங்களுக்கும் சார்ட்டருக்கும் ஆரம்பத்துல இருந்தே சம்பந்தம் இருக்கு, நாட்டுலயே முதல் சார்ட்டர் ஸ்கூல் 1992ல மினசோட்டா செயிண்ட் பால்ல தொறந்த சிட்டி அகாடமி, அதுவே ஸ்கூலை விட்டு நின்ன பசங்களுக்காகத் தொறந்ததுதான். டெக்சஸ் 1997ல ஒரு படி மேல போயி, உங்ககிட்ட படிக்கிறவங்கள்ல 75 சதவீதம் அட்-ரிஸ்க் (படிப்பைப் பாதில விட்டுடுற ஆபத்துல இருக்குற) பசங்களா இருந்தா எண்ணிக்கைக்கு வரம்பே இல்ல, எத்தனை சாசனம் வேணா தரோம்னு கதவைத் தொறந்து விட்டுச்சு. கதவைத் தொறந்தா நல்லவனும் வருவான் கெட்டவனும் வருவான், வராத பசங்களை வந்ததா கணக்கு காட்டி காசு வாங்குனது, கணக்கே இல்லாம மூடிட்டுப் போனதுன்னு எல்லாம் நடந்து, 2001ல அந்த 75 சதவீத வகையையே எடுத்துட்டு மொத்தமா 215ன்னு வரம்பு போட்டாங்க. இப்ப இருக்குற கெடுபிடி எல்லாம் அந்தச் சூட்டுல வந்ததுதான்.

சேக்கும்போது ஒரு ஃபாரம் நீட்டுனாங்க, அதுல அட்-ரிஸ்க்னு ஒரு கட்டம். அக்காவுக்கு இங்கிலீஷ் தடுமாறும், ஆனா அந்த வார்த்தை மட்டும் டக்குனு புரிஞ்சிடுச்சு. "என் புள்ளைக்கு என்னடா ரிஸ்க்கு, அவன் என்ன திருடனா?"ன்னு பேனாவைக் கீழ வச்சிட்டா. ஆபீஸ்ல இருந்த அந்தப் பொண்ணு, ரிசப்ஷனிஸ்ட் தான், எழுந்து வந்து அக்கா பக்கத்துல உக்காந்து பொறுமையா சொன்னா. ஸ்டேட் சட்டத்துல ஒரு பட்டியல் இருக்காம், 26 வயசுக்குக் கீழ, அதுல ஏதாவது ஒண்ணு இருந்தாப் போதும். ஒரு வருஷம் ஒரே கிளாஸ்ல நின்னா, ரெண்டு பாடத்துல 70க்கு கீழ போனா, முன்னாடி பாதில விட்டிருந்தா, கர்ப்பமா இருந்தா, குழந்தை இருந்தா, கோர்ட் புரொபேஷன்ல இருந்தா, வீடு இல்லாம இருந்தா, பெத்தவங்க கிட்ட இல்லாம ஃபாஸ்டர் கேர்ல இருந்தா, அப்புறம் இங்கிலீஷ் இன்னும் கத்துக்கிட்டு இருக்குற புள்ளைன்னா அதுவும். அதாவது திண்டுக்கல்ல மேத்ஸ்ல 90க்கு மேல வாங்குன பையன் ஏரோப்ளேன் இறங்குன அன்னைக்கே அட்-ரிஸ்க். இதைக் கேட்டு அக்கா சிரிச்சிட்டா, கையெழுத்தும் போட்டா. அந்த ரிசப்ஷனிஸ்டுக்கு மட்டும் நான் அஞ்சுக்கு அஞ்சு.

இன்னொரு விஷயம், இதை மத்த சார்ட்டர்ல சேக்க நினைக்கிறவங்க கவனிக்கணும். டெக்சஸ் சட்டப்படி ஒரு சார்ட்டர் தன்னோட சாசனத்துல எழுதி வச்சிருந்தா, போலீஸ் கேஸோ ஒழுங்கு நடவடிக்கையோ இருந்த பசங்களைச் சேக்க மாட்டோம்னு சொல்லலாம். பப்ளிக் ஸ்கூல்தான், ஆனா சொல்லலாம். கஷ்டப்படுற பசங்களுக்குன்னு நோட்டீஸ் அடிக்கிற இடத்துலயும் அந்த வரி இருக்கான்னு பாத்துட்டு போங்க. நாங்க போன ஸ்கூல்ல அப்படி இல்ல, கோர்ட் கண்காணிப்புக்குக் கால்ல மானிட்டர் கட்டுன பையன் ஒருத்தன் நம்மாளுக்குப் பக்கத்து சீட்டு, அல்ஜீப்ரா இவன்தான் சொல்லிக் குடுப்பான், அவன் பதிலுக்கு ஸ்பானிஷ் கெட்ட வார்த்தை சொல்லிக் குடுத்தான். பண்டமாற்று.

ஸ்கூல் நடக்குற விதம் எனக்கு ரொம்பப் புடிச்சது. காலைல ஒரு ஷிஃப்ட், மத்தியானம் ஒரு ஷிஃப்ட், உங்க வேலைக்கு ஏத்த மாதிரி எடுத்துக்கலாம். வாசல்ல ஒரு டேப்லெட், உள்ள வரும்போது ஒரு தட்டு, வெளில போகும்போது ஒரு தட்டு, நிமிஷக் கணக்கு ஏறும். முதல்ல எனக்கு எரிச்சலா இருந்துச்சு, என்ன ஃபேக்டரில பஞ்ச் அடிக்கிற மாதிரின்னு. அப்புறம் விசாரிச்சா இது ஸ்டேட்டோட நெகிழ்வு நேர திட்டம், சாதாரண ஸ்கூல்ல காலைல ஒரு நேரம் வச்சு ஆஜர் எடுப்பாங்க, அந்த நேரம் இல்லன்னா ஆப்சென்ட், இங்க அப்படி இல்லாம நிமிஷத்தைச் சேத்து சேத்து நாளாக்குறாங்க, 240 நிமிஷம் சேந்தா ஒரு முழு நாள், ஒரு நாளைக்கு 45 நிமிஷமாவது இருந்தாத்தான் கணக்குல சேரும். ஸ்கூலுக்கு ஸ்டேட் குடுக்குற காசு இந்த வருகையை வச்சுத்தான், அதனால பையன் 40 நிமிஷத்துல கிளம்புனா டீச்சரே வந்து இன்னும் அஞ்சு நிமிஷம் உக்காருப்பான்னு கெஞ்சுவாங்க. கேக்க காமெடியா இருக்கும், ஆனா வேலைக்குப் போற பையனுக்கு இது வரம். நிமிஷம் எண்ணறது கொஞ்சம் அல்பத்தனம்னு நினைக்கிறவங்களுக்கு ஓஹையோ கதையைச் சொல்றேன். அங்க எலக்ட்ரானிக் கிளாஸ்ரூம் ஆஃப் டுமாரோன்னு பெரிய ஆன்லைன் சார்ட்டர், பசங்க உண்மையிலேயே எவ்வளவு நேரம் படிச்சாங்கன்னு ஸ்டேட் லாகின் கணக்கைக் கேட்டதும் ஆட்டம் கண்டு, ரெண்டு வருஷத்துக்கு கிட்டத்தட்ட 8 கோடி டாலர் திருப்பிக் குடுன்னு சொல்லி, 2018 ஜனவரில நடு வருஷத்துல மூடிட்டாங்க, சுமார் 12,000 பசங்க நடுத்தெருவுல. அதுக்கு நம்ம வாசல் டேப்லெட் எவ்வளவோ தேவலை.

டீச்சருங்க கலவை. டெக்சஸ் சார்ட்டர்ல பாடம் எடுக்க ஒரு டிகிரி இருந்தா போதும், டீச்சர் சர்டிபிகேட் எல்லாருக்கும் கட்டாயம் இல்ல, ஸ்பெஷல் எஜுகேஷனுக்கும் பைலிங்குவல் (இருமொழி) கிளாஸுக்கும் மட்டும் அது இல்லாம விட மாட்டாங்க. ஹிஸ்டரி எடுத்தவரு முன்னாடி இன்ஷூரன்ஸ் வித்தவராம், சர்டிபிகேட் இல்ல, ஆனா மனுஷன் ஒவ்வொரு பையன் கிட்டயும் தனியா உக்காருவாரு. நம்மாளு யுஎஸ் ஹிஸ்டரி ரெண்டாவது தடவை பாஸ் பண்ணதுக்கு அவர்தான் காரணம். இங்கிலீஷுக்கு சர்டிபிகேட் எல்லாம் வச்சிருந்த டீச்சர் அக்டோபர்ல லீவுல போனவங்க வரவே இல்ல, ஜனவரி வரைக்கும் கம்ப்யூட்டர்ல பாடம் ஓடுச்சு, ஒரு ஆளு ரூம்ல உக்காந்து போன் பாத்துட்டு இருந்தாரு. ஒரு ஸ்டார் அங்கயே போச்சு.

இப்ப ரேட்டிங் விஷயத்துக்கு வரேன், உண்மையில இந்த ரிவியூ எழுதவே உக்காந்தது இதுக்குத்தான். நான் ஒரு டோஸ்டர் வாங்குனாலே நாப்பது ரிவியூ படிக்கிறவன். 2023 ஆகஸ்ட்ல சேக்கறதுக்கு முன்னாடி டெக்சஸ் எஜுகேஷன் ஏஜென்சி சைட்ல போய் ஸ்கூல் பேரைப் போட்டுப் பாத்தேன். ஏ, பி, சி, டி, எஃப்னு ஒரு எழுத்து வரணும். வந்தது "நாட் ரேட்டட்". 2020, 2021 ரெண்டும் நாட் ரேட்டட், சரி அது கொரோனா, எல்லாருக்கும் அப்படித்தான். 2022லயும் நாட் ரேட்டட், பக்கத்துல செனட் பில் 1365னு ஒரு நம்பர். நானும் சின்ன ஸ்கூல்னு விட்டிருப்பாங்க போலன்னு நினைச்சிட்டேன். ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சது, அந்த வருஷம் மட்டும் டி, எஃப் வாங்குன ஸ்கூலுக்கு எழுத்தைப் போடாம நாட் ரேட்டட்னு போடச் சொல்லி சட்டம், அதாவது 70க்கு கீழ வாங்கியிருக்காங்க. ஃபெயில் மார்க் ஷீட்டுல ஃபெயில்னு போடாம 'மதிப்பிடப்படவில்லை'ன்னு போட்டா எந்த அப்பா அம்மாவுக்குப் புரியும்?

சரி 2023 ரேட்டிங் வரும்ல பாத்துக்கலாம்னா, ஏ வாங்க காலேஜ், வேலை, ராணுவத்துக்குத் தயாரான பசங்க 60 சதவீதம் போதும்னு இருந்ததை 88ன்னு ஒரேயடியா ஏத்துனாங்க, அதுவும் ஏற்கனவே படிச்சு முடிச்சுட்டுப் போன பசங்க கணக்கை வச்சு. நூத்துக்கும் மேல டிஸ்ட்ரிக்ட் கோர்ட்டுக்குப் போச்சு, ஜட்ஜ் தடை போட்டாரு, அப்பீல், இழுபறி. 2023க்கான எழுத்து வெளில வந்தது 2025 ஏப்ரல் கடைசில. நம்ம பையன் சேந்ததே 2023ல, முடிச்சது 2025 மே மாசம். 2024, 2025 ரெண்டையும் சேத்து 2025 ஆகஸ்ட்ல விட்டாங்க, அதுக்குள்ள அவன் ஸ்கூலை விட்டே வந்தாச்சு. கல்யாணம் முடிஞ்சு சீமந்தமும் ஆனப்புறம் ஜாதகப் பொருத்தம் பாத்துச் சொன்ன மாதிரி. வந்த எழுத்து என்னன்னா டி, அப்புறம் சி, சி. அந்த சியும் பக்கத்து ஹைஸ்கூல் சியும் ஒண்ணு இல்ல, இந்த மாதிரி பாதில விட்டவங்களை மறுபடி படிக்க வைக்கிற டிராப்-அவுட் ரெக்கவரி ஸ்கூலுக்கு தனி அளவுகோல்.

அந்தத் தனி அளவுகோல் தப்புன்னு நான் சொல்லல, ஆரம்பத்துல சலுகைன்னு நினைச்சேன், உள்ள ரெண்டு வருஷம் பாத்தப்புறம் மாத்திக்கிட்டேன். இந்தப் பேரு வாங்கணும்னா 9ல இருந்து 12 வரைக்கும் இருக்கணும், படிக்கிறவங்கள்ல 60 சதவீதம் பேருக்காவது 16 வயசோ அதுக்கு மேலயோ இருக்கணும் (2021க்கு முன்னாடி 50 சதவீதம், 17 வயசுன்னு இருந்துச்சு). சாதாரண ஸ்கூலுக்கு டிப்ளமோ வாங்குனவங்க மட்டும்தான் கணக்கு, இங்க ஜிஇடி முடிச்சவங்களையும் இன்னும் படிச்சிட்டு இருக்கறவங்களையும் சேத்துக்கறாங்க. நம்மாளு கிளாஸ்ல ஒரு பொண்ணு, 20 வயசு, கைக்குழந்தை, புள்ளைக்கு காய்ச்சல்னா மூணு நாள் வர மாட்டா, ஆனா வந்துக்கிட்டே இருந்தா. நாலு வருஷத்துல டிப்ளமோ வாங்குனியாங்கற கணக்குல அவ தோத்தவ. ஹோண்டுராஸ் பையன் ஒருத்தன், பகல்ல கூரை வேலை, ஹூஸ்டன் ஆகஸ்ட் வெயில்ல கூரை மேல, மத்தியான ஷிஃப்டுக்கு அப்படியே தார் வாசனையோட வருவான். இவங்களை வச்சிருக்குற ஸ்கூலை, காலைல அம்மா டிராப் பண்ணிட்டுப் போற பசங்க ஸ்கூலோட ஒரே தராசுல வச்சா எவனும் இந்தப் பசங்களைச் சேக்கவே மாட்டான், பட்டியல்ல இருந்து கழட்டி விடத்தான் பாப்பான். எங்களுக்கு ஜிஇடி பேப்பர் குடுத்த அந்த அன்பான அம்மா ஞாபகம் வருதா?

அதே சமயம் தனி தராசுன்னு சொல்லி எல்லாத்தையும் மன்னிச்சிடவும் கூடாது. 2013ல வந்த செனட் பில் 2 படி, படிப்புலயோ பணக் கணக்குலயோ தொடர்ந்து மூணு வருஷம் தேறலன்னா ஸ்டேட் கல்வி கமிஷனர் சாசனத்தை ரத்து பண்ணியே ஆகணும், பாவம் பாக்க இடமில்ல. இதைப் படிச்சதும் அக்காவுக்குத் தூக்கம் போச்சு, "நடுவுல இழுத்து மூடிட்டா இவன் மறுபடி எங்கடா போவான்?"னு ராத்திரி போன். நியாயமான பயம்தான். ஆனாலும் அந்தச் சட்டம் வேணும்னுதான் நான் சொல்வேன், இப்படிப்பட்ட பசங்களுக்குக் கேக்க நாதி கிடையாது, பெத்தவங்களுக்கு மீட்டிங் வர நேரம் கிடையாது, மேல ஒருத்தன் கத்தியோட நின்னாத்தான் கணக்கு ஒழுங்கா இருக்கும். என் கோபம் சட்டத்து மேல இல்ல, ரேட்டிங்கை ரெண்டு வருஷம் பூட்டி வச்சது மேல. ஸ்டேட்டுக்கு உள்ளுக்குள்ள நம்பர் இருக்கு, ஸ்கூலுக்கும் ஓரளவு தெரியும், வாசல்ல நிக்கிற அக்காவுக்கு மட்டும் தெரியாது.

கவுன்சிலர் விஷயம்தான் பெரிய குறை. ரெண்டு வருஷத்துல மூணு பேரு மாறுனாங்க. நம்மாளு நாலு ஸ்டார் பரீட்சை பாஸ், இங்கிலீஷ் ரெண்டு மட்டும் இடிச்சுக்கிட்டே இருந்துச்சு, டிசம்பர், ஏப்ரல், ஜூன்னு வருஷத்துக்கு மூணு தடவை வைக்கிறாங்க, மூணுலயும் போச்சு. "மாமா, நான் ஜிஇடியே எழுதிடறேன்"னு ஒரு நாள் கார்ல சொல்லிட்டு அழுதான், கேஸ் ஸ்டேஷன் சட்டையோட. அப்ப எங்களுக்குத் தெரியாத ஒண்ணு என்னன்னா, அஞ்சுல ரெண்டு வரைக்கும் தேறலன்னாலும் தனிப்பட்ட பட்டமளிப்புக் குழுன்னு ஒண்ணு கூடி, கூடுதல் வேலை குடுத்து, எல்லாரும் ஒத்துக்கிட்டா டிப்ளமோ குடுக்கலாம், 2015ல இருந்து சட்டம், 2021ல நிரந்தரமாவே ஆக்கிட்டாங்க. இதை எங்க கிட்ட ஒருத்தர் கூட சொல்லல. அந்தக் கூரை வேலைப் பையனோட அம்மா சொல்லித்தான் தெரியும். போய் கேட்டா மூணாவது கவுன்சிலர், "ஓ, முந்தினவங்க சொல்லலையா?"ன்னாங்க. ஆறு மாசம் அந்தப் பையன் தூங்காம இருந்ததுக்குப் பதில் இதான்.

ஆனா குழு வேலையை நல்லா செஞ்சாங்க, அதையும் சொல்லணும். 18 வயசு தாண்டிட்டா பெத்தவங்களுக்குப் பதில் மாணவனே குழுவுல உக்காரலாம், அதனால அவன் கேஸுக்கு அவனே ஒரு ஜட்ஜ், இதைச் சொல்லி சொல்லிச் சிரிச்சான். இங்கிலீஷுக்கு ஒரு எழுத்துத் தொகுப்பு பண்ணச் சொன்னாங்க. அவன் எழுதுனது என்ன தெரியுமா, கேஸ் ஸ்டேஷன்ல ராத்திரி ஷிஃப்ட் முடியும்போது லாட்டரி ஸ்க்ராட்ச் சீட்டுக் கணக்கு எப்படி முடிக்கறது, ஒவ்வொரு ரோல்லயும் கடைசி சீட்டு நம்பரை எழுதி, காலைல எழுதுன நம்பரைக் கழிச்சு, வித்த காசோட ஒத்துப் பாத்து, ஒரு சீட்டு குறைஞ்சா சம்பளத்துல கழியும், அதனால குடிச்சிட்டு வர்ற கஸ்டமர் பத்து சீட்டு கேட்டா எப்படி எண்ணிக் குடுக்கணும், எல்லாம் நாலு பக்கம். படிச்சேன், கிராமர் அங்கங்க நொண்டும், ஆனா எனக்கு அந்தக் கடையை யாராவது குடுத்தா நான் நாளைக்கே நடத்திடுவேன், அவ்வளவு தெளிவு. பரீட்சைல கேக்குற கட்டுரையை விட இது எந்த விதத்துல மட்டம்னு எனக்குப் புரியல.

டிப்ளமோ வந்ததும் அக்கா கண்ணாடி போட்டுக்கிட்டு முன்னாடி பின்னாடி திருப்பித் திருப்பிப் பாத்தா, எங்கயாவது அந்த அட்-ரிஸ்க் வார்த்தை இருக்கான்னு. இல்ல. அப்புறம்தான் சாமி படத்துக்கு முன்னாடி வச்சா. இப்ப பையன் கம்யூனிட்டி காலேஜ்ல ஏசி மெக்கானிக் படிப்பு, ஹூஸ்டன்ல அதுக்கு வேலைப் பஞ்சமே வராது.

பஸ் கிடையாது, சார்ட்டருக்கு அது கட்டாயம் இல்லையாம், சிட்டி பஸ் பாஸ் மட்டும் குடுத்தாங்க. சாப்பாடு ஃப்ரீ, ஆனா மோசம், பையன் அக்கா கட்டிக் குடுத்த லெமன் சாதம்தான் கொண்டு போவான், ரெண்டாவது மாசத்துல இருந்து மூணு பேருக்குச் சேத்துக் கட்ட வேண்டியதாப் போச்சு. சேக்க நினைக்கிறவங்க எழுத்து ரேட்டிங்கை நம்பி உக்காராதீங்க, நேரா ஆபீஸ்ல போயி போன மே மாசம் எத்தனை டிப்ளமோ, எத்தனை ஜிஇடி, கவுன்சிலர் வந்து எத்தனை மாசம் ஆச்சு, இங்கிலீஷுக்கு ஆள் இருக்கா, பட்டமளிப்புக் குழு எப்ப கூடும், இதைக் கேளுங்க, மூஞ்சியைப் பாத்தாலே தெரிஞ்சிடும். காலை ஷிஃப்டுக்கு ஜூலைலயே போயிடுங்க, ஆகஸ்ட்ல மத்தியானம்தான் கிடைக்கும், மத்தியானம் வாஷடேரியாக்காரங்க பார்க்கிங் முழுக்க அடைச்சுக்குவாங்க.